துப்பாக்கி உறையும் தேங்காய் எண்ணெயும்

அது ஜூலை மாதம். மும்பையில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. தாராவியில் எங்கள் மாலை வகுப்பு நடக்கும் அறையில் இரண்டு இடங்களில் ஒழுகியது. அன்று ஆறு பேர்தான் வந்திருந்தார்கள்.

ஓர் அக்கா மட்டும் நோட்டைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தார்.

"என்ன அக்கா, உடம்பு சரியில்லையா?" என்று கேட்டேன்.

"உடம்புக்கு ஒண்ணுமில்ல தம்பி. மனசுதான் சரியில்ல. என்னால எங்க வீட்டுக்காரருக்கு வேலை போயிருக்கும்" என்றார்.

அவருடைய கணவர் பட்டாளத்தில் இருந்தவர். ஓய்வு பெற்ற பிறகு ஒரு வியாபாரிக்குக் காவலாகப் போகிறார். லைசென்ஸ் வாங்கிய ரிவால்வர் வைத்திருக்கிறார். வேலை நேரத்தில் அது இடுப்பில் ஒரு தோல் உறைக்குள் இருக்கும். ரிவால்வரை அவர் மட்டும்தான் தொடுவார். பெல்ட், ஷூ, தோல் உறை மூன்றையும் துடைத்து வைப்பது அக்காவின் வேலை.

மழையில் நனைந்து அந்த உறை விறைத்துப்போனது. அக்கா அதற்குத் தேங்காய் எண்ணெய் தடவினார். ஊரில் செருப்புக்கு அப்படித்தான் செய்வார்கள். மூன்று நாள் விடாமல் தடவினார். உறை பளபளவென்று ஆனது. தொட்டால் மெத்தென்று இருந்தது.

நான்காம் நாள் கணவர் மின்சார ரயிலில் போனார். ஷூ நாடா அவிழ்ந்திருந்தது. கட்டுவதற்குக் குனிந்தார். ரிவால்வர் உறையிலிருந்து பாதி வழுக்கி வெளியே வந்துவிட்டது. சட்டென்று கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

"அது கீழே விழுந்திருந்தா? கூட்டத்துல யாராவது எடுத்திருந்தா? போலீஸ், கேஸுன்னு நாங்க எங்க போறது தம்பி?" என்றார் அக்கா. அவர் குரல் நடுங்கியது.

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. அப்போது பின்னால் உட்கார்ந்திருந்த பெரியவர் பேசினார். அவர் நாற்பது வருடமாகத் தோல் தைக்கிறவர்.

"எண்ணெய் தேய்ச்சியா தாயி? அதான் வினை. செருப்பு வளையணும். உறை வளையக் கூடாது" என்றார்.

அன்று பாடத்தை அவர்தான் நடத்தினார். அவர் சொன்னதையும், அக்காவின் கணவரிடமும் தோல் பட்டறைக்காரர்களிடமும் கேட்டதையும் சேர்த்து இங்கே எழுதியிருக்கிறேன். உங்கள் வீட்டில் போலீஸ்காரர் இருக்கலாம். காவல் வேலை செய்பவர் இருக்கலாம். நீங்களே தோல் தைப்பவராக இருக்கலாம். துப்பாக்கியே இல்லாத வீட்டிலும் தோல் பெல்ட்டும் ஷூவும் இருக்குமே. எல்லோருக்கும் இது உதவும்.

உறை எதற்கு?

கைத்துப்பாக்கி உறைக்கு மூன்று வேலைகள் உண்டு.

ஒன்று, துப்பாக்கி கீழே விழாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். ஓடினாலும் குனிந்தாலும் அது அசையக் கூடாது.

இரண்டு, விசையை மூடி வைக்க வேண்டும். விசையை டிரிகர் என்றும் சொல்வார்கள். அதை இழுத்தால் குண்டு பாயும். உறைக்குள் இருக்கும்போது விரலோ வேறு பொருளோ அதில் படக் கூடாது.

மூன்று, தூசியும் அடியும் படாமல் துப்பாக்கியைக் காக்க வேண்டும்.

இந்த மூன்றையும் செய்ய உறை கெட்டியாக இருக்க வேண்டும். துப்பாக்கியின் வடிவத்துக்குப் பொருந்தி இருக்க வேண்டும். அதனால்தான் உறைக்குத் தடித்த மாட்டுத்தோலை எடுக்கிறார்கள். அந்தத் தோலைத் தண்ணீரில் நனைப்பார்கள். துப்பாக்கி வடிவத்தில் செய்த கட்டையின் மேல் அழுத்துவார்கள். அப்படியே உலர விடுவார்கள். உலர்ந்ததும் தோல் அந்த வடிவத்திலேயே நின்றுவிடும். களிமண் காய்ந்தால் பானை வடிவம் நிற்பதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பெல்ட்டின் கதை

போலீஸ் அதிகாரிகள் சிலர் மார்பின் குறுக்கே ஒரு தோல் பட்டை அணிவதைப் பார்த்திருப்பீர்கள். அதற்கு 'சாம் பிரவுன் பெல்ட்' என்று பெயர். சாம் பிரவுன் என்பவர் ஆங்கிலேயப் படை அதிகாரி. 1858-இல் வட இந்தியாவில் நடந்த சண்டையில் அவர் இடது கையை இழந்தார். வாளை உருவ வேண்டுமானால் ஒரு கையால் வாளுறையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். அவருக்கு அந்தக் கை இல்லை. எனவே வாளுறையும் துப்பாக்கி உறையும் ஆடாமல் நிற்க அகலமான இடுப்புப் பட்டை ஒன்றைச் செய்துகொண்டார். அதைத் தாங்கத் தோளின் மேலே குறுக்குப் பட்டையும் வைத்தார். பிறகு உலகம் முழுவதும் அது பரவியது.

உறை ஆடக் கூடாது என்பது அந்தக் காலத்திலேயே தெரிந்த விஷயம்.

துவர்ப்புதான் தோலைக் காக்கிறது

பச்சைத் தோலை அப்படியே விட்டால் என்ன ஆகும்? ஈரமாக இருந்தால் அழுகும். காய்ந்தால் பலகைபோல் ஆகும். அதனால் தோலைப் பதனிட வேண்டும்.

கடுக்காயைக் கடித்துப் பார்த்திருக்கிறீர்களா? வாய் எல்லாம் துவர்க்கும். நாக்கு சுருங்கியதுபோல் இருக்கும். அந்தத் துவர்ப்புச் சத்துதான் தோலையும் இறுக்குகிறது. அழுகாமல் காக்கிறது. ஆவாரம்பட்டை, கடுக்காய், வேலம்பட்டை போன்றவற்றின் சாற்றில் தோலை ஊற வைப்பது நம் நாட்டின் பழைய முறை. இதில் கிடைக்கும் தோல் கெட்டியாக இருக்கும். கொடுத்த வடிவம் நிற்கும். உறை, பெல்ட், சேணம் செய்ய இதுவே ஏற்றது.

இன்னொரு முறை குரோம் உப்பில் பதனிடுவது. இந்தத் தோல் மென்மையாக இருக்கும். ஷூவின் மேல்பகுதி, கைப்பை ஆகியவை பெரும்பாலும் இதில்தான் வருகின்றன.

தோல் வேலை நம் நாட்டில் பெரிய தொழில். கான்பூரில் 1860-களிலேயே படைக்குத் தேவையான சேணமும் தோல் சாமான்களும் செய்ய அரசுத் தொழிற்சாலை ஏற்பட்டது. தோலைப் பற்றி ஆராய்வதற்கென்றே சென்னை அடையாற்றில் ஒரு மத்திய நிலையம் 1948-இல் தொடங்கியது. எங்கள் தாராவியிலும் தோல் தொழில் பழையது. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த தமிழர்கள் பலர் இங்கே தோல் பதனிட்டார்கள். இன்று பை, பெல்ட், பர்ஸ் தைக்கும் பட்டறைகள் இருக்கின்றன.

தோலுக்கு நான்கு பகைவர்கள்

தண்ணீர்: தோல் உள்ளே தண்ணீர் போனால் அது இளகும். வடிவம் கெடும். ஈரம் நின்றால் பூஞ்சணம் பிடிக்கும்.

சூடு: நனைந்த தோலைச் சூட்டில் காட்டினால் சுருங்கும். பொரித்த அப்பளம்போல் நெளியும். பிறகு விரிசல் விடும். அதைத் திரும்பச் சரிசெய்ய முடியாது. வெந்நீரும் இதையே செய்யும்.

வியர்வை: வியர்வையில் உப்பு இருக்கிறது. தண்ணீர் காய்ந்த பிறகும் உப்பு தோலில் தங்கும். ஓரத்தில் வெள்ளைக் கோடாகத் தெரியும். தையல் நூலை அது அரிக்கும். துப்பாக்கியில் துரு ஏற்றும்.

எண்ணெய்: இதைத்தான் யாரும் பகைவன் என்று நினைப்பதில்லை. தோல் நுண்ணிய இழைகளால் ஆனது. எண்ணெய் அந்த இழைகளுக்கு நடுவே போய் அவற்றை வழுக்க வைக்கும். அதனால் தோல் தளரும். செருப்புக்கு ஓரளவு அது நல்லது. உறைக்குக் கெடுதல். மேலும் தேங்காய் எண்ணெய், நெய், நல்லெண்ணெய் ஆகியவை நாளானால் சிக்கு நாற்றம் அடிக்கும். தூசி ஒட்டும். எலியும் கரப்பானும் தேடி வரும்.

முதல் வேலை எது?

உறையைச் சுத்தம் செய்யும் முன் ஒரு வேலை இருக்கிறது. அதுதான் எல்லாவற்றையும்விட முக்கியம்.

லைசென்ஸ் உள்ளவர்தான் துப்பாக்கியை உறையிலிருந்து எடுக்க வேண்டும். வீட்டில் வேறு யாரும் தொடக் கூடாது. எடுத்ததும், ஆள் இல்லாத பக்கமாகக் குழலைத் திருப்பிப் பிடிக்க வேண்டும். விசையில் விரல் படக் கூடாது. தோட்டாக்களை எல்லாம் வெளியே எடுக்க வேண்டும். துப்பாக்கி காலியாக இருக்கிறதா என்று இரண்டு முறை பார்க்க வேண்டும். பிறகு துப்பாக்கியை ஓர் இடத்திலும் தோட்டாவை வேறு இடத்திலும் பூட்டி வைக்க வேண்டும்.

'நேற்றே எடுத்துவிட்டேன், காலியாகத்தான் இருக்கும்' என்று நம்பக் கூடாது. ஒவ்வொரு முறையும் பார்க்க வேண்டும். அக்காவின் கணவர் இப்படிச் சொன்னார்: "பட்டாளத்துல முதல்ல சொல்லிக் குடுத்தது இதுதான். எந்தத் துப்பாக்கியையும் தோட்டா இருக்கிற துப்பாக்கியாத்தான் நினைக்கணும்."

நம் நாட்டில் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் இருக்கிறது. லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கி வைத்திருப்பது குற்றம். எனவே உறையைத் தைக்கக் கொடுக்கும்போது உறையை மட்டும் கொடுங்கள். 'அளவு பார்க்க வேண்டும், துப்பாக்கியை விட்டுப் போங்கள்' என்று யாராவது சொன்னால் விட்டுவிட்டு வராதீர்கள். தோல் தைப்பவர்களும் வாங்கி வைத்துக்கொள்ளாதீர்கள். இருவருக்கும் தொல்லை.

சுத்தம் செய்யும் முறை

தேவையான பொருட்கள் இவை: ஒரு பழைய பல் துலக்கும் பிரஷ், இரண்டு வெள்ளைப் பருத்தித் துணிகள், ஒரு கிண்ணம் தண்ணீர், தோலுக்கென்று விற்கும் சோப்பு, நிறம் இல்லாத மெழுகுப் பாலிஷ். தோல் சோப்பு கிடைக்காவிட்டால் கிளிசரின் கலந்த குளியல் சோப்பு போதும்.

1. உறையைக் கவிழ்த்துத் தட்டுங்கள். உள்ளே இருக்கும் மண்ணும் தூசியும் விழும். உள்ளே மணல் இருந்தால் அது அரம்போல் துப்பாக்கியைத் தேய்க்கும்.

2. காய்ந்த பிரஷால் தையல் ஓரங்களைத் தேயுங்கள். பிரஸ் பட்டன், பக்கிள் ஆகியவற்றின் அடியிலும் தேயுங்கள். அழுக்கு அங்கேதான் ஒளிந்திருக்கும்.

3. துணியைத் தண்ணீரில் நனைத்து நன்றாகப் பிழியுங்கள். சொட்டக் கூடாது. அந்தத் துணியால் உறையின் வெளிப்பக்கத்தைத் துடையுங்கள்.

4. அழுக்குப் போகவில்லையா? ஈரத் துணியைச் சோப்பில் லேசாகத் தேய்த்து மெதுவாகத் துடையுங்கள். உடனே வேறு ஈரத் துணியால் சோப்பைத் துடைத்து எடுங்கள்.

5. உறையின் உள்பக்கத்தைப் பிழிந்த துணியால் ஒரு முறை மட்டும் துடையுங்கள். உள்ளே சோப்பு வேண்டாம்.

6. நிழலில், காற்றுப் படும் இடத்தில் உலர விடுங்கள். மின்விசிறிக்கு அடியில் வைக்கலாம்.

7. முழுவதும் உலர்ந்த பிறகு பாலிஷ் போடுங்கள். கடலைப் பருப்பு அளவு எடுத்தால் போதும். துணியில் தொட்டு, வெளிப்பக்கம் மட்டும் மெல்லியதாகப் பூசுங்கள். கால் மணி நேரம் விட்டு, காய்ந்த துணியால் தேய்த்துத் துடையுங்கள்.

உறையின் உள்ளே பாலிஷ் போடாதீர்கள். அது துப்பாக்கியில் ஒட்டும். அதில் தூசியும் சேரும்.

கறுப்பு, பழுப்புப் பாலிஷ் போட்டால் சட்டையிலும் கால்சட்டையிலும் கறை ஏறும். அதனால்தான் நிறம் இல்லாத பாலிஷ் நல்லது.

மாதம் ஒரு முறை தூசி தட்டித் துடைத்தால் போதும். பாலிஷ் மூன்று நான்கு மாதங்களுக்கு ஒரு முறை போதும். அடிக்கடி பூசினால் மெழுகு படிந்து பிசுபிசுக்கும்.

சலவை சோடா, துணி துவைக்கும் தூள், மண்ணெண்ணெய், பெட்ரோல் ஆகியவற்றைத் தோலில் போடவே போடாதீர்கள். தோலில் உள்ள கொழுப்பை அவை எடுத்துவிடும். தோல் வெடிக்கும். தீ ஆபத்தும் உண்டு.

உறை நனைந்துவிட்டால்

மழைக்காலத்தில் எவ்வளவு கவனமாக இருந்தாலும் உறை நனையும். அப்போது அவசரப்படாதீர்கள்.

முதலில் துப்பாக்கியை வெளியே எடுத்துத் துடைக்க வேண்டும். ஈர உறைக்குள் ஓர் இரவு இருந்தால்கூடத் துப்பாக்கியில் துரு ஏறும்.

காய்ந்த துணியால் உறையை ஒற்றி எடுங்கள். அழுத்தித் தேய்க்க வேண்டாம். செய்தித்தாளைச் சுருட்டி உள்ளே வையுங்கள். உறையின் வடிவம் மாறாத அளவுக்குச் சுருட்டினால் போதும். திணிக்காதீர்கள். தாள் ஈரமானதும் மாற்றுங்கள். தச்சரிடம் சொல்லி, துப்பாக்கி வடிவத்தில் ஒரு மரக்கட்டை செய்து வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது. வடிவம் அப்படியே நிற்கும்.

வெயிலில் வைக்காதீர்கள். அடுப்புப் பக்கம் வைக்காதீர்கள். இஸ்திரிப் பெட்டியைக் காட்டாதீர்கள்.

உலர ஒரு நாளும் ஆகலாம். இரண்டு நாளும் ஆகலாம். உலர்ந்துவிட்டதா என்று எப்படிப் பார்ப்பது? பெரியவர் ஒரு வழி சொன்னார். உறையைக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். சில்லென்று இருந்தால் உள்ளே இன்னும் ஈரம் இருக்கிறது. அப்படி இல்லாவிட்டால் உலர்ந்துவிட்டது.

உலர்ந்த பிறகு தோல் கொஞ்சம் விறைப்பாகத்தான் இருக்கும். பயப்படாதீர்கள். உறைக்கு அந்த விறைப்பு வேண்டும்.

வெள்ளையாகப் படிந்தால்

சில நாள் பெட்டியில் வைத்த உறையில் வெள்ளையாக ஏதோ படிந்திருக்கும். அது இரண்டு வகையாக இருக்கலாம்.

விரலை அதன் மேல் வைத்து அழுத்தித் தேயுங்கள். விரல் சூட்டில் உருகி மறைந்தால் அது மெழுகு அல்லது கொழுப்பு. தோலுக்குள் இருந்து வெளியே வந்திருக்கிறது. கெடுதல் இல்லை. துணியால் தேய்த்தால் போதும்.

பஞ்சுபோல் இருந்தால், பச்சை கலந்து இருந்தால், மக்கிய வாசனை வந்தால் அது பூஞ்சணம். உறையை வீட்டுக்கு வெளியே எடுத்துப் போங்கள். மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொள்ளுங்கள். காய்ந்த பிரஷால் தேய்த்து உதறுங்கள். பிறகு மருந்துக் கடை ஸ்பிரிட்டில் பாதி அளவு தண்ணீர் கலந்து, துணியில் தொட்டுத் துடையுங்கள். முதலில் வெளியே தெரியாத இடத்தில் துடைத்துப் பாருங்கள். சில தோலில் சாயம் போகும். ஸ்பிரிட் தீப்பிடிக்கும் பொருள். அடுப்பும் பீடியும் பக்கத்தில் இருக்கக் கூடாது. பிறகு நிழலில் உலர்த்துங்கள்.

பித்தளையில் களிம்பு

செம்பு, பித்தளைப் பாத்திரத்தில் புளி பட்டால் பச்சையாகக் களிம்பு பிடிக்கும். பார்த்திருப்பீர்கள். தோட்டாவின் உடலும் பித்தளைதான். பட்டைச் சாற்றில் பதனிட்ட தோலில் அந்தத் துவர்ப்புச் சத்து மிச்சம் இருக்கும். பெல்ட்டில் தோட்டா செருகும் வளையங்கள் உண்டு. அவற்றில் தோட்டாவை மாதக்கணக்கில் விட்டால் பச்சைக் களிம்பு கட்டும். களிம்பு பிடித்த தோட்டா துப்பாக்கிக்குள் சிக்கிக்கொள்ளலாம். ஆகவே வேலை முடிந்ததும் தோட்டாவைத் தோலில் விடக் கூடாது.

இரும்புக்கும் துவர்ப்புக்கும் ஆகாது. கடுக்காய்ச் சாறும் இரும்பு உப்பும் சேர்ந்தால் கறுப்பு மை கிடைக்கும். அந்தக் காலத்தில் எழுதுவதற்கு மை இப்படியும் செய்தார்கள். ஈரமான இரும்புப் பக்கிள் படும் இடத்தில் தோல் கறுப்பதற்கும் இதுவே காரணம். அந்தக் கறை எளிதில் போகாது. பக்கிளை எப்போதும் ஈரம் இல்லாமல் துடைத்து வையுங்கள்.

எங்கே வைப்பது?

துப்பாக்கியை உறைக்குள் வைத்தே பெட்டியில் வைக்கக் கூடாது. இது பலர் செய்யும் தவறு. தோல் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். அந்த ஈரம் துப்பாக்கியில் துருவாக ஏறும். உறை தனியே, துப்பாக்கி தனியே இருக்கட்டும்.

உறையைப் பருத்தித் துணிப் பையில் போட்டு வையுங்கள். பிளாஸ்டிக் பையில் கட்டி வைக்காதீர்கள். உள்ளே வேர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும். சுவரை ஒட்டி வைக்க வேண்டாம். மழைக்காலத்தில் வாரம் ஒரு முறை வெளியே எடுத்துக் காற்றாட வையுங்கள். புது ஷூ, மருந்து டப்பாக்களில் ஈரம் இழுக்கும் சிறு பொட்டலங்கள் இருக்கும். அவற்றைத் துணிப் பைக்குள் போடலாம். குழந்தைகள் கையில் கிடைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

உறைக்கு வயது முடிந்துவிட்டதா?

தோலும் மூப்படையும். உறையை இப்படிச் சோதிக்கலாம்.

தையல் சோதனை: தையல் முழுவதையும் விரலால் தடவிப் பாருங்கள். நூல் அறுந்தோ தளர்ந்தோ இருந்தால் உடனே தைக்கக் கொடுங்கள். மெழுகு பூசிய தடித்த நூலால் தைக்கச் சொல்லுங்கள். பிரஸ் பட்டன் 'டிக்' என்று சத்தத்துடன் மூட வேண்டும்.

வாய்ச் சோதனை: துப்பாக்கி உள்ளே இல்லாதபோதும் உறையின் வாய் திறந்தே நிற்க வேண்டும். தளர்ந்து உள்பக்கம் மடிந்தால் அது பெரிய ஆபத்து. ஏன் தெரியுமா? துப்பாக்கியை உள்ளே தள்ளும்போது மடிந்த தோல் விசையில் மாட்டிக்கொள்ளலாம். விரல் படாமலே விசை அழுந்தும். குண்டு தொடையில் பாயும். இழுப்பதற்கு லேசான விசை உள்ள பிஸ்டலில் இந்த ஆபத்து இன்னும் அதிகம்.

பிடிப்புச் சோதனை: இதைத் துப்பாக்கிக்கு உரியவர் மட்டும் செய்ய வேண்டும். துப்பாக்கியைக் காலி செய்து, இரண்டு முறை பார்த்து, உறையில் வைத்துப் பட்டையை மூட வேண்டும். மெத்தைக்கு மேலே உறையைத் தலைகீழாகப் பிடித்து லேசாக உலுக்க வேண்டும். துப்பாக்கி வழுக்கக் கூடாது.

பழைய தோல் சில சமயம் சிவப்புத் தூளாக உதிரும். கையில் செம்மண்போல் ஒட்டும். தோல் உள்ளுக்குள் இற்றுப்போய்விட்டது என்று அர்த்தம். எந்தப் பாலிஷும் அதைக் காப்பாற்றாது.

வாய் மடிந்த உறை, பிடிப்பு இழந்த உறை, தூளாக உதிரும் உறை ஆகியவற்றை வைத்துக்கொள்ளாதீர்கள். 'நல்ல தோல், காசு போட்டு வாங்கியது' என்று பார்க்காதீர்கள். புது உறையின் விலை ஓர் உயிரின் விலை அல்ல.

அக்கா எழுதிய சீட்டு

மறுநாள் அக்கா அந்த உறையை வகுப்புக்குக் கொண்டுவந்தார். உறை மட்டும்தான். பெரியவர் அதைக் கையில் வாங்கி, இரண்டு விரலால் அமுக்கினார். வாய் மடிந்து ஒட்டிக்கொண்டது.

"எண்ணெயைக் கொஞ்சம் எடுக்கலாம். சுண்ணாம்புக்கட்டித் தூள் போட்டு வச்சா இழுக்கும். ஆனா விறைப்பு திரும்ப வராது தாயி. இது போனது போனதுதான்" என்றார்.

அக்காவின் முகம் வாடியது. "நல்லதுன்னு நெனைச்சுத்தானே செஞ்சேன்" என்றார்.

"தெரியாம செஞ்சது தப்பில்ல. தெரிஞ்ச பிறகு செய்யாதே" என்றார் பெரியவர். பழைய உறையை வேறு யாரும் எடுத்துப் பயன்படுத்தாதபடி இரண்டாக வெட்டினார். அதில் நல்ல பகுதியை எடுத்துச் சாவிக்கொத்துக்கு ஒரு வார் செய்து கொடுத்தார்.

அந்த மாதம் அவர்கள் வீட்டில் வேறு செலவைக் குறைத்துப் புது உறை வாங்கினார்கள். கூடவே ஒரு பாலிஷ் டப்பாவும் வாங்கினார்கள். டப்பாவின் மேல் இருந்ததை அக்கா எழுத்துக் கூட்டிப் படித்தார். பிறகு அட்டையில் ஒரு சீட்டு எழுதி என்னிடம் காட்டினார். அலமாரிக் கதவில் ஒட்டுவதற்காக.

'உரைக்கு எண்ணெய் தடவக் கூடாது. வெயிலில் வைக்கக் கூடாது. உள்ளே பாலிஷ் போடக் கூடாது.'

ஓர் எழுத்து மட்டும் தப்பு. "அக்கா, சின்ன 'ர' போட்டால் பேச்சு. பெரிய 'ற' போட்டால்தான் மூடி" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே திருத்தினார். உறை. அந்தச் சீட்டு இன்றும் அவர்கள் அலமாரியில் இருக்கிறது.

நினைவில் வையுங்கள்

முதலில் துப்பாக்கி காலியா என்று இரண்டு முறை பாருங்கள்.

துப்பாக்கியை உரியவர் மட்டும் தொடட்டும்.

பிழிந்த ஈரத் துணியால் துடையுங்கள்.

நிழலில் உலர்த்துங்கள்.

வெளிப்பக்கம் மட்டும், மெல்லியதாக, நிறமற்ற மெழுகுப் பாலிஷ் பூசுங்கள்.

உறையையும் துப்பாக்கியையும் தனித்தனியே வையுங்கள்.

தளர்ந்த உறையை மாற்றுங்கள்.

பேசிப் பாருங்கள்

1. செருப்புக்கு எண்ணெய் தடவலாம், உறைக்குத் தடவக் கூடாது. ஏன்?

2. நனைந்த தோலை அடுப்புப் பக்கம் வைத்தால் என்ன ஆகும்?

3. உங்கள் வீட்டில் உள்ள தோல் பெல்ட், ஷூ, பை ஆகியவற்றை மழைக்காலத்தில் எங்கே வைக்கிறீர்கள்? அது சரியான இடமா?

4. 'உரை', 'உறை' இரண்டையும் வைத்து ஆளுக்கொரு வாக்கியம் எழுதுங்கள்.